வளர்ச்சியின் கட்டளையும் பெண்ணின் மௌனமும்

நம்மவர் இல்லங்களில் நிக்காஹ் நிச்சயமாகிவிட்டால், மணப்பெண்ணுக்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் செல்வது நெடுநாள் வழக்கம். கடைவீதியோடு திரும்பிவிடுவோர் பலர். தறி இருக்கும் இடம் வரை செல்வோர் சிலர். பாலாற்றை அடுத்த ஓரிக்கைக்கு நாம் ஒருமுறை அவ்வாறு சென்றிருந்தோம். நெசவாளர் வீடொன்றில் தறியருகே அமர்ந்து, கரையும் உடலும் தனித்தனி நிறத்தில் ஓடிவந்து கோர்வையாய்ப் பிணையும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வீட்டு மூதாட்டி திண்ணையில் தனித்து அமர்ந்திருந்தார். அவருடைய மருமகள் காரப்பேட்டையில் சிகிச்சை பெறுவதாகச் சொன்னார்கள். கருப்பைவாயில் புற்றுநோய். ஓராண்டுக் காலம் உதிரப்போக்கை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாளாம் அந்தப் பெண்.

"ஏன் பாய், இது யார் கண் பட்டு வந்தது?" என்று அம்மூதாட்டி நம்மிடம் கேட்டார்.

கண் பட்டு வந்ததன்று என்று ஒரே சொல்லில் மறுத்துவிடலாம். ஆனால் மறுப்பது எளிது. வேறெங்கிருந்து வந்தது என்று விளக்குவதன்றோ அரிது? அவ்விளக்கத்தைத் தேடி மனித இனம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. அந்த நெடும்பயணத்தின் கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காஞ்சிக்கும் இந்நோய்க்கும் மறக்கவியலாத தொடர்பு ஒன்று உண்டு. 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் இவ்வூரில் பிறந்த அறிஞர் அண்ணா, தமிழகத்தின் முதலமைச்சராக இருக்கையிலேயே புற்றுநோய்க்கு ஆளானார். 1968-இல் நியூயார்க் சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பியும், 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கி நிற்பதே காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை. நாடறிந்த தலைவரின் நோயை நாடே அறிந்து கலங்கிற்று. ஆனால் ஓரிக்கையின் தறிப்பெண்ணுடைய நோயை அவள் கணவனும் அறியவில்லை!

முன்னோர் கண்டது

புற்றுநோய் புதிய நோயன்று. அரபு மொழியில் இதற்கு 'ஸரத்தான்' என்று பெயர். நண்டு என்பது அதன் பொருள். கிரேக்கரும் நண்டின் பெயராலேயே இதனை அழைத்தனர். கட்டியைச் சுற்றிப் புடைத்தெழும் நரம்புகள் நண்டின் கால்களைப் போலத் தோன்றியமையே காரணம். உடலில் கருப்பித்தம் மிகுவதால் இந்நோய் பிறக்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் கருதினார். இப்னு ஸீனாவும் (980–1037) தமது 'அல்கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் அவ்வழியில் நின்றே இதனை ஆராய்ந்தார்.

குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீஃப்' என்னும் தம் முப்பது பாக நூலில் இந்நோயைப் பற்றி எழுதியிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கட்டி சிறிதாக, தொடக்க நிலையில், முழுவதும் எடுக்கத்தக்க இடத்தில் இருந்தால் அறுத்தெடுக்கலாம்; முற்றிப் பெருத்துவிட்டால் அதனை நெருங்காதிருப்பதே நன்று; அத்தகைய ஒருவரைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதும் இல்லை என்ற கருத்தை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். தம் தோல்வியை ஒளிக்காத அந்த நேர்மை பெரிது. அதனினும் பெரிது அவர் கண்ட உண்மை: இந்நோயில் காலமே முதல் மருந்து.

ஆயினும் கட்டி ஏன் வளர்கிறது என்ற வினாவுக்கு அக்காலத்தில் விடையில்லை. 1858-இல் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ, நோய்கள் யாவும் உயிரணுக்களின் கோளாறுகளே என்றும், ஒவ்வோர் உயிரணுவும் மற்றோர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்றும் நிறுவியபோது கருப்பித்தக் கொள்கை வீழ்ந்தது. கட்டி என்பது வெளியிலிருந்து வந்த பொருளன்று. நம் உயிரணுக்களே பெருகி நிற்பது. அப்படியாயின், 'பெருகு' என்று அவற்றுக்குச் சொன்னது யார்?

கண் திறந்த எலிக்குஞ்சுகள்

அண்ணா பிறந்த அதே 1909-ஆம் ஆண்டில் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தவர் ரீத்தா லெவி-மொந்தால்சினி. யூத இனத்தவர் என்பதால் 1938-இல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கின. அவர் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, கோழிக் கருக்களில் நரம்புகள் வளரும் விதத்தை ஆராய்ந்தார். போருக்குப் பின் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். சில கட்டிகளிலிருந்து கசியும் ஏதோ ஒரு பொருள் நரம்புகளை வளரத் தூண்டுவதை 1950-களின் தொடக்கத்தில் அங்கே கண்டறிந்தார்.

அவரோடு சேர்ந்து அப்பொருளைப் பிரித்தெடுக்க முனைந்தவர் வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன். ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அப்பொருள் மிகுதியாக இருப்பது தெரியவந்தது. அச்சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. இரண்டு வாரம் அளவில் திறக்க வேண்டிய கண்ணிமைகள் ஒரு வாரத்திலேயே திறந்துகொண்டன. பற்களும் முன்கூட்டியே முளைத்தன. இது நரம்பின் வேலையன்று, தோலின் வேலை என்பதைக் கோஹன் உணர்ந்தார். சாற்றில் வேறொரு பொருளும் இருக்கிறது என்று தெளிந்து, அதனையும் பிரித்தெடுத்தார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். ஐம்பத்துமூன்று அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதம் அது. இருவருக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

காயம் ஆறுவதும், குழந்தை வளர்வதும், மாதந்தோறும் கருப்பையின் உட்சுவர் புதுப்பிக்கப்படுவதும் இத்தகைய காரணிகளின் துணையால்தான். வளர்ச்சி நம் உடலுக்கு அருளப்பட்ட ஒழுங்கு. அவ்வொழுங்கு எங்கே பிறழ்கிறது என்பதே அடுத்த வினா.

கட்டளையும் ஏற்பியும்

காரணி மட்டும் இருந்தால் போதாது. அதனை வாங்கிக்கொள்ள உயிரணுவின் மேற்பரப்பில் ஓர் அமைப்பு வேண்டும். அதுவே ஏற்பி. ஓரிக்கைத் தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவிழை மேலெழும். துளை இல்லாத இடத்தில் இழை எழாது. அதுபோலவே, காரணி தனக்குப் பொருந்தும் ஏற்பியில் வந்து அமர்ந்தால்தான் உயிரணுவின் உள்ளே செய்தி செல்லும். ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தூண்ட, அது மற்றொன்றைத் தூண்ட, இறுதியில் 'பிரிந்து பெருகு' என்ற கட்டளை கருவை அடையும். பணி முடிந்ததும் ஏற்பி உள்ளிழுக்கப்பட்டு ஓசை அடங்கும்.

இவ்வேற்பி பழுதுபட்டால் என்ன நேரும்? 1984-இல் அதற்கு விடை கிடைத்தது. கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், மேல்தோல் வளர்ச்சிக் காரணியினுடைய ஏற்பியின் வெட்டுண்ட வடிவமே அது எனக் கண்டு வியந்தனர். காரணியைப் பற்றும் பகுதி அதில் இல்லை. செய்தி அனுப்பும் பகுதி மட்டும் இருந்தது. கேட்காமலேயே கட்டளையிடும் ஏற்பி! அட்டை நின்ற இடத்தில் நின்றுவிட, ஒரே இழை எழுந்துகொண்டே இருப்பதற்கு ஒப்பானது இது.

இவ்வரலாற்றில் ஓர் இந்தியருக்கும் இடமுண்டு. அமெரிக்காவில் ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய லட்சுமி சரண் பாதி, எலியின் நரம்புக் கட்டி ஒன்றின் மரபணுவால் உண்டாகும் தனிப் புரதம் ஒன்றை 1982-இல் இனங்கண்டார். 'நியூ' என்று பெயர் பெற்ற அம்மரபணுவின் மனித வடிவமே இன்று மருத்துவ உலகம் முழுவதும் பேசப்படும் 'ஹெர்-2' ஏற்பி. 1980-களின் இறுதியில் டென்னிஸ் ஸ்லேமன் குழுவினர், மார்பகப் புற்றுநோயிலும் சினைப்பைப் புற்றுநோயிலும் ஒரு பகுதியினருக்கு இம்மரபணு பன்மடங்கு பெருகியிருப்பதையும், அவர்களுடைய நோய் கடுமையாக இருப்பதையும் காட்டினர். அவ்வேற்பியை மறிக்கும் 'டிராஸ்டுஸுமாப்' என்ற மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு நிகரான மருந்தைப் பெங்களூரின் பயோகான் நிறுவனம் தயாரிக்க, 2013-இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது.

மூன்று உறுப்புகள், மூன்று வழிகள்

பெண்களின் கருப்பை, சினைப்பை, கருப்பைவாய் ஆகிய மூன்றிலும் வளர்ச்சிக் கட்டளை பிறழ்கிறது. எனினும் பிறழும் வழி வேறு வேறு.

கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோயில், ஏற்பியிலிருந்து வரும் செய்தியை அடக்கும் 'பிடென்' என்னும் தடை பெரும்பாலும் பழுதுபடுகிறது. உடற்பருமனும் நீரிழிவும் உள்ள பெண்களுக்கு இந்நோய் மிகுதி. இரத்தத்தில் மிகும் இன்சுலினும், அதனை ஒத்த வளர்ச்சிக் காரணிகளும், கொழுப்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்து உட்சுவரை ஓயாமல் தூண்டுவதே காரணம். இதே உறுப்பில் வரும் கடுமையான ஒரு வகையில், ஏறத்தாழ பத்தில் மூவருக்கு ஹெர்-2 மிகுந்திருக்கிறது. அவர்களுக்கு வழக்கமான மருந்துகளோடு டிராஸ்டுஸுமாபும் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் மீண்டும் முற்றாதிருந்த காலம் 8 மாதத்திலிருந்து 12.6 மாதமாக நீண்டதென 2018-இல் வெளியான ஆய்வு கூறியது.

சினைப்பையின் புற்றுநோய் வயிற்றினுள் ஓசையின்றி வளர்வது. முற்றியபின் வயிறு நீர்கோத்துப் பருக்கும். அந்நீர் எங்கிருந்து வருகிறது? இரத்தக் குழாய்களைக் கசியச் செய்யும் ஒரு பொருளைக் கட்டிகளே சுரக்கின்றன என்று 1983-இல் ஹெரால்டு டுவோராக் குழுவினர் கண்டனர். புதிய இரத்தக் குழாய்கள் இல்லாமல் எந்தக் கட்டியும் வளர இயலாது என்று 1971-இலேயே ஜூடா ஃபோக்மன் எழுதியிருந்தார். 1989-இல் நெப்போலியோனே ஃபெராரா பிரித்தெடுத்த இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியும் டுவோராக் கண்ட பொருளும் ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று. கட்டி தனக்கு வேண்டிய கால்வாயைத் தானே வெட்டிக்கொள்கிறது எனலாம்.

கருப்பைவாயின் கதை வேறு. அங்கே ஒரு வைரஸ் குற்றவாளி. மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16-ஆம் வகையை 1983-இலும் 18-ஆம் வகையை அடுத்த ஆண்டிலும் கருப்பைவாய்க் கட்டிகளில் கண்டறிந்தவர் ஹெரால்டு த்சூர் ஹவுசன் குழுவினர். 2008-இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இவ்விரு வகைகளே உலகின் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டுக்குக் காரணம். வைரஸின் இரண்டு புரதங்கள் உயிரணுவின் இரு காவலர்களை வீழ்த்துகின்றன. மூன்றாவது ஒன்று, உள்ளிழுக்கப்பட வேண்டிய வளர்ச்சி ஏற்பியை மேற்பரப்பிலேயே நிறுத்திவைத்துக் கட்டளையை நீட்டிக்கிறது. இத்தனைக்கும், வைரஸ் புகுந்த நாளிலிருந்து புற்று தோன்றப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். பத்து ஆண்டு அவகாசம் தரும் பகைவனை வேறெங்கே காண்போம்?

மருந்தின் எல்லை

இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியை மறிக்கும் 'பெவாசிஸுமாப்' என்ற மருந்தை, முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய் உடைய 452 பெண்களிடம் நடந்த ஆய்வில் பயன்படுத்தினர். அதன் முடிவு 2014-இல் வெளிவந்தது. மருந்து சேர்க்கப்பட்டவர்களின் இடைநிலை ஆயுள் 17 மாதம், சேர்க்கப்படாதவர்களுக்கு 13.3 மாதம். அவ்வாண்டே அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. மூன்று மாதம் இருபது நாள் அளவு மிகுதி! ஒரு தாய்க்கு அது சிறிதன்று. மகளின் திருமணத்தை அவள் கண்ணால் காணக்கூடும். ஆயினும் அரை நூற்றாண்டு அறிவியலின் விளைவு, நோய் முற்றிய நிலையில் அவ்வளவே. மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியை மறிக்கும் மருந்துகளோ, சினைப்பைப் புற்றுநோயில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஒரு வழி அடைபட்டால் கட்டி மறுவழி தேடிக்கொள்கிறது.

இதன் எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஆய்வு, நம் தமிழ் மண்ணிலேயே நடந்தது. திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் 2000-ஆம் ஆண்டு முதல், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் ஓர் எளிய பரிசோதனை செய்தனர். கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவுவர். நம் சமையலறையில் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரின் சாரம்தான் அது. பிறழ்ந்த இடம் சற்று நேரத்தில் வெளுத்துக் காட்டும். வெளுத்த இடத்துக்கு உடனே சிகிச்சை அளித்தனர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த இச்சோதனையால், அது நடைபெறாத ஊர்களோடு ஒப்பிட, கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன என்று 2007-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

நெடுஞ்செலவில் பிறந்த மருந்து இறுதியில் தந்தது மாதங்களை. சில துளி அமிலம் தொடக்கத்தில் தந்ததோ ஆயுளை. அஸ்ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சொன்னது இன்றும் பொய்க்கவில்லை.

மௌனத்தை உடைத்தவர்கள்

1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரமே அவரை உந்தியது. 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 2021 ஜனவரியில் மறையும் வரை சாந்தா அம்மையார் அப்பணியை விடவில்லை. 1980-களில் சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய், பிந்தைய ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்துக்கு இறங்கியது. இறங்கியதே தவிர மறையவில்லை. 2022-இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு அது புதிதாக வந்ததாகவும், ஏறத்தாழ 80,000 பேர் மாண்டதாகவும் உலக மதிப்பீடு கூறுகிறது.

தடுப்பூசி 2006-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. புனே சீரம் நிறுவனம் தயாரித்த இந்தியத் தடுப்பூசி 2022-இல் உரிமம் பெற்றது. சிறுமியர்க்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாகச் செலுத்தும் திட்டத்தைத் தமிழக அரசு 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது.

நம்மவர்க்கு ஒரு சொல்

'நம் ஆண்களுக்குக் கத்னா வழக்கம் இருப்பதால் நம் பெண்களுக்கு இந்நோய் வராது' என்று ஆறுதல் கொள்வோர் நம்மிடையே உண்டு. கத்னா இவ்வைரஸ் தங்குவதைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. குறைப்பது வேறு; ஒழிப்பது வேறு. கருப்பையின் உட்சுவரிலும் சினைப்பையிலும் வரும் நோய்களுக்கோ அவ்வைரஸோடு தொடர்பே இல்லை.

நாணம் நம் பெண்களின் அணிகலன். ஆனால் நாணம் வேறு, நோயை மறைத்தல் வேறு. பெண் மருத்துவரிடமும் செவிலியரிடமும் சொல்வதற்கு நாணம் தடையாகுமா? மாதவிடாய் நின்றபின் ஒரு துளி உதிரம் கண்டாலும், இடையிலோ உறவுக்குப் பின்னோ இரத்தம் கசிந்தாலும், நாட்பட்ட வெள்ளைப்போக்கில் துர்நாற்றம் இருந்தாலும், சில வாரங்களாக வயிறு உப்பிச் சிறிது உண்டதுமே நிறைந்தாலும், அவை சொல்லப்பட வேண்டிய செய்திகள். இவை யாவும் புற்றாகவே இருக்க வேண்டுவதில்லை, பெரும்பாலும் இருப்பதுமில்லை. ஆனால் பார்த்துத் தெளிய வேண்டியவை. முப்பது வயதைக் கடந்த பெண், நோய்க்குறி இல்லாவிட்டாலும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்வது நலம்.

ஆண்களுக்கும் கடமை உண்டு. வீட்டில் அனைவரும் உண்டபின் உண்டு, அனைவரும் உறங்கியபின் உறங்கும் பெண், தன் வலியையும் கடைசியாகவே சொல்வாள். அவள் சொல்லட்டும் என்று காத்திராமல் நாமே கேட்க வேண்டாமா?

ஓரிக்கை மூதாட்டியின் வினாவுக்கு அன்று நாம் சொன்ன விடை இதுதான்: "அம்மா, யார் கண்ணும் படவில்லை, உங்கள் மருமகள் எந்தத் தவறும் செய்யவில்லை. வளரச் சொல்லும் கட்டளை உடம்பில் ஓரிடத்தில் நிற்காமல் போய்விட்டது. வேறொன்றும் இல்லை." அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, தறியில் பாவு பிணைத்துக்கொண்டிருந்த தம் பேத்தியைப் பார்த்து, "அப்படியானால் இவளுக்கு இப்போதே சொல்லி வைக்கலாமா?" என்று கேட்டார்.

சொல்லி வைக்கலாம். நம் இல்லங்களிலும் சொல்லி வைப்போமாக!